முக்கொம்பில் பதினேழு மாத்திரை

"அய்யோ... சித்தப்பா!"

பட்டப்பகல் பன்னிரண்டரைக்கு எழுந்த அந்த அலறலில், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலைக்குப் பின்னால் இருந்த சந்து மொத்தமும் வாசலுக்கு ஓடி வந்தது.

பீமராவ் கூடத்தில் குப்புறக் கிடந்தார்.

பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி. அதன் கூர்முனையில் ரத்தம். மேஜையில் பாதி தேய்த்த வெள்ளைச் சட்டை.

வயது அறுபத்தொன்று. ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமே செய்துகொள்ளாத தனிக்கட்டை. அலறியவன் அவருடைய அண்ணன் மகன் துக்காராம். தொட்டியத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவன்.

ஒரு மணிக்கு ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் ஸ்தனிஸ்லாஸ் இறங்கினார். ஐம்பது வயது. பெரிய மீசை. அந்த மீசையைப் பார்த்தே பாதி திருடர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் விஜயராணி அவருக்கு முன்பே வந்து பாதி வேலையை முடித்திருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

"சார், பக்கத்து வீட்டம்மா யமுனா. இவங்க சொல்றதைக் கேளுங்க."

யமுனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

"காலைல ஒன்பதரைக்கு ஒரு பொண்ணு வந்தா சார். முப்பது, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். தோள்ல ஒரு பை. யாரும்மான்னு கேட்டேன். கேஸ் அடுப்பு செக் பண்ண வந்திருக்கேன்னா..."

"சரி. அப்புறம்?"

"உள்ள போனா. வெளியில வந்ததைப் பார்க்கல. குக்கர் விசில் வந்துது, நான் உள்ள போயிட்டேன். அப்புறம் பதினோரு மணி சீரியல் ஓடிட்டிருந்துது. முதல் விளம்பரம் போட்டப்ப 'ஆ'ன்னு ஒரு சத்தம்! டிவியிலதான் யாரையோ அடிக்கிறாங்கன்னு நினைச்சுட்டேன் சார்..."

"அப்ப மணி பதினொண்ணேகால்" என்றாள் விஜயராணி. "டாக்டரும் பதினொண்ணுல இருந்து பன்னிரண்டுக்குள்ளங்கிறார். சார், இந்தப் பக்கம் வாங்க."

சமையலறைக்கு அழைத்துப் போய்க் காட்டினாள்.

கேஸ் அடுப்பே இல்லை!

மேடையில் ஒரே ஒரு கரண்ட் அடுப்பு.

"இல்லாத அடுப்பை செக் பண்ண ஒருத்தி வந்திருக்கா சார்."

துக்காராம் குறுக்கே வந்து விசும்பினான். "கேஸ் கனெக்‌ஷனை ரெண்டு வருஷம் முன்னாடியே ஒப்படைச்சுட்டாரு சார். எவளோ ஏமாத்தி உள்ள நுழைஞ்சிருக்கா. நான் பன்னிரண்டரைக்கு வந்து பார்த்தா..."

"செல்போன் வச்சிருந்தாரா?"

"இல்ல சார். அதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. இந்த வீட்டுப் போன் ஒண்ணுதான்."

வீட்டுப் போனுக்குப் பக்கத்தில் ஒரு டைரி. விஜயராணி பக்கத்தைப் புரட்டி நீட்டினாள். "நேத்து தேதியில எழுதியிருக்காரு. 'நாளை 9.30.' பக்கத்துல ஒரு செல் நம்பர். பேர் இல்ல."

ஸ்தனிஸ்லாஸ் அந்த நம்பரைப் படித்தார்.

படித்து முடித்ததும் டைரியை மூடிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நம்பர் அவருடைய செல்போனிலும் இருந்தது.

'பிளம்பர்' என்ற பெயரில்!

"சார்... உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

"அந்த நம்பரோட டவரை வச்சுப் பொண்ணைப் பிடிச்சுட்டேன் சார். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏற நின்னுட்டிருந்தா. ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்கேன்."

அவள் பெயர் ஜெஸ்லின் என்று விஜயராணி சொன்னாள். சொல்லியிருக்கவே வேண்டாம்.

ஸ்தனிஸ்லாஸுக்கு அவள் பெயர் தெரியும். வேலை தெரியும். பதினொன்றேகாலுக்கு அவள் எங்கே இருந்தாள் என்பதும் தெரியும். உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

ஏனென்றால் பதினொன்றேகாலுக்கு அவள் இவருடைய காரில் உட்கார்ந்து இவருடைய மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்!

*

நான்கு வருடமாக ஸ்தனிஸ்லாஸுக்கு எச்.ஐ.வி.

எப்படி வந்தது என்று ஜெஸ்லின் ஒரு நாளும் கேட்டதில்லை. நாமும் கேட்க வேண்டாம்.

தினம் ஒரு மாத்திரை. அவர் நன்றாகத்தான் இருந்தார். மனைவி இருதயமேரிக்குத் தெரியும். வேறு ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. மாதா மாதம் மருந்து மையத்துக்குப் போய் வரிசையில் நிற்பதுதான் நரகம். போன மாதம் முன்னால் நின்றவன், இவர் இரண்டு தடவை உள்ளே தள்ளிய பிக்பாக்கெட்! ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று, மூச்சு முட்ட மருந்து வாங்கி வந்தார்.

ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, உடம்பில் வைரஸ் அடங்கியிருப்பவர்களுக்கு மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் கொடுத்துவிடுவார்கள். யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்து எழுதுவதுதான் ஜெஸ்லினின் வேலை. களப்பணியாளர். நோயாளி சொல்கிற இடத்துக்கே வருவாள். வாசலில் யார் கேட்டாலும் கேஸ் கம்பெனி, இன்ஷூரன்ஸ், தையல் கிளாஸ் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வாள். எந்த வீட்டுக்கு எதற்காக வந்தாள் என்று தெரு தெரிந்துகொள்ளக் கூடாது. ரோட்டில் எதிரே வந்தால் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள். நோயாளி முதலில் சிரித்தால்தான் அவள் சிரிப்பாள்.

இன்று காலை முக்கொம்பு. பூங்காவுக்கு வெளியே மரத்தடியில் கார். டிபன் பாக்ஸ் மூடியில் மாத்திரைகளைக் கொட்டி, ஸ்பூனால் இரண்டு இரண்டாகத் தள்ளி எண்ணினாள்.

"பதினேழு. முப்பது வாங்கினீங்க, பதிமூணு நாள் ஆச்சு. கணக்கு சரியா இருக்கு சார். இப்படி ஒரு ஆள் கிடைக்கிறதே அபூர்வம்."

படிவத்தில் எழுதினாள். பெயர் கிடையாது, நம்பர் மட்டும். நேரம் 11.10.

அப்போது ஸ்டேஷன் டைரியில் ஸ்தனிஸ்லாஸ் எங்கே இருந்தார் தெரியுமா? அம்மா மண்டபத்தில் அமாவாசை பந்தோபஸ்தில்! தர்ப்பணக் கூட்டத்தை மேற்பார்வை பார்ப்பதாக அவரே கைப்பட எழுதி வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தார்.

*

ஸ்டேஷனில் ஜெஸ்லின் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

ஸ்தனிஸ்லாஸ் உள்ளே நுழைந்தார். இரண்டு பேருடைய கண்ணும் ஒரு வினாடி சந்தித்தது.

அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை!

முன்பின் பார்த்திராத இன்ஸ்பெக்டரைப் பார்த்த பெண்ணைப் போல எழுந்து நின்றாள். "வணக்கம் சார்."

அந்த வணக்கம் அவரைச் செருப்பால் அடித்தது போல இருந்தது.

"உக்காரும்மா" என்றார். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

விஜயராணி ஆரம்பித்தாள். "பீமராவ் வீட்டுக்கு எதுக்குப் போன?"

"நான் ஹெல்த் வொர்க்கர் மேடம். வீடு வீடாப் போவேன்."

"அப்ப ஏன் கேஸ் செக் பண்ண வந்தேன்னு பொய் சொன்ன?"

"அந்த வீட்டுல அடுப்பு இல்லைன்னு தெரியாது மேடம்."

"நான் கேட்டது அதுவா? எதுக்குப் பொய்?"

ஜெஸ்லின் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எத்தனை மணிக்கு வெளியில வந்த?"

"பத்து மணிக்கு. அவரே வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வச்சாரு. நல்லா இருந்தாரு மேடம்..." அந்த இடத்தில்தான் அவள் குரல் உடைந்தது. "சட்டையைத் தேய்ச்சு வைக்கணும்னு சொன்னாரு."

"அப்புறம் எங்க போன?"

"இன்னொருத்தரைப் பார்க்க."

"யாரை?"

"சொல்ல முடியாது."

"பத்தரையில இருந்து பன்னிரண்டு வரைக்கும் உன் போன் ஆஃப்ல இருந்திருக்கு. டவரே காட்டல. ஏன் ஆஃப் பண்ணின?"



ஆஃப் பண்ணச் சொன்னதே ஸ்தனிஸ்லாஸ்தான்! முதல் நாளே சொல்லியிருந்தார். 'என்னைப் பார்க்க வர்றப்ப போனை அணைச்சுட்டு வாம்மா. போலீஸ்காரன் நான். டவர் வச்சே எல்லாத்தையும் கண்டுபிடிச்சுடுவாங்க.' பெரிய புத்திசாலி! அந்தப் புத்திசாலித்தனம் இப்போது ஒரு பெண்ணின் கழுத்தில் கயிறாக ஏறியிருந்தது.

"பையைக் கொட்டலாம்" என்று ஒரு பெண் கான்ஸ்டபிள் முன்னால் வந்தாள்.

"நீங்க போங்க. நானே பார்க்கிறேன்."

விஜயராணி கான்ஸ்டபிளை வெளியே அனுப்பிவிட்டுப் பையைத் துழாவினாள். தண்ணீர் பாட்டில். குடை. டிபன் பாக்ஸ். ஸ்பூன். கடைசியில் இரண்டு தாள்.



"சார், ரெண்டு ஃபாரம். ஒண்ணுல நேரம் 9.40. அது பீமராவா இருக்கணும். இன்னொண்ணுல 11.10! மாத்திரை எண்ணிக்கை பதினேழு. பேர் இல்ல. வெறும் நம்பர்."

அந்த நம்பரை அவள் உரக்கப் படித்தாள்.

ஒவ்வொரு எண்ணும் அவருக்கு மனப்பாடம். நான்கு வருடமாக ஒவ்வொரு மருந்துச் சீட்டிலும் பார்த்த நம்பர்.

"ஏம்மா, இந்த நம்பர்காரர் யாருன்னு சொல்லு. அவர் வந்து, ஆமா, என்கூட இருந்தான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நீ வீட்டுக்குப் போயிடலாம்."

"மாட்டேன் மேடம்."

"கொலை கேஸ்! தெரியுதா?"

"தெரியுது."

"பதினாலு வருஷம் உள்ள கிடப்ப!"

"என்கிட்ட நாற்பது பேர் இருக்காங்க மேடம். இந்த ஒரு பேரைச் சொன்னா, மீதி முப்பத்தொன்பது கதவும் நாளைக்கு மூடிக்கும். மாத்திரையை நிறுத்திடுவாங்க. அப்புறம் நான் எத்தனை கொலைக்குப் பதில் சொல்லணும்?"

விஜயராணி மேஜையை ஓங்கித் தட்டினாள். டீ கிளாஸ் துள்ளியது. ஜெஸ்லின் துள்ளவில்லை.

*

மூன்று மணி நேரம் போனது.

விஜயராணி மிரட்டினாள். கெஞ்சினாள். மறுபடி மிரட்டினாள். எல்லாம் ஒரே கேள்விதான். அந்த நம்பர் யாருடையது?

ஸ்தனிஸ்லாஸ் நான்கு தடவை எழுந்து வெளியே போய் நான்கு தடவையும் திரும்பி வந்தார். தன் சொந்த ஸ்டேஷனில் லாக்கப்புக்குள் இருப்பது போல இருந்தது அவருக்கு. சுவரில் கேமரா. கேமராவில் ஒலியும் பதிவாகும். ஜெஸ்லினிடம் தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லை.

வாசல் பெஞ்சில் துக்காராம் உட்கார்ந்திருந்தான். பிரேதத்தை வாங்குவதற்கான காகிதத்துக்காகக் காத்திருந்தான். முற்றத்து வேப்பமரத்தடியில் அவனுடைய ஸ்கூட்டர்.

நாலே முக்காலுக்கு டி.எஸ்.பி.யின் போன்.

"என்னய்யா, அந்தப் பொம்பளையை இன்னும் அரெஸ்ட் காட்டலையா? அஞ்சரைக்கு பிரஸ்காரங்களை வரச் சொல்லியிருக்கேன்."

"சார், ஒரு சின்ன சந்தேகம்..."

"சந்தேகத்தையெல்லாம் ரிமாண்ட் பண்ணிட்டுத் தீர்த்துக்கலாம்!"

லைன் துண்டிக்கப்பட்டது.

விஜயராணி ஒரு டைப் செய்த தாளைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தாள்.

"சார், இந்த மாதிரி நோயாளி பேரைச் சட்டப்படி யாரும் வெளியில சொல்லக் கூடாதாம். ஆனா கோர்ட் கேட்டா சொல்லித்தான் ஆகணும். கோர்ட்டுக்கு ரெக்வெஸ்ட் ரெடி. இந்த நம்பர் யாருதுன்னு கேட்டு எழுதியிருக்கேன். நீங்க ஒரு கையெழுத்து போட்டா அனுப்பிடலாம்."

பேனாவையும் திறந்து நீட்டினாள்.

எப்படிப்பட்ட கூண்டு பாருங்கள்! கையெழுத்துப் போட்டால், அந்த நம்பர் யாருடையது என்று கோர்ட் கேட்கும்; அவர் பெயரே வெளியே வரும். போடாவிட்டால், ஒரு பாவமும் அறியாதவள் சாயங்காலம் ஜெயிலுக்குப் போவாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை லின்சிக்கு நிச்சயதார்த்தம். ஒரே மகள். மாப்பிள்ளை வீடு தென்னூர். சம்பந்தி கிளமென்ட் ஸ்கூல் வாத்தியார். பூசைக்கு ஒரு நிமிடம் தாமதமாக வருபவனைக்கூட ஒரு வாரம் பேசுகிற மனிதர். இந்தச் செய்தி அவர் காதுக்குப் போனால் கல்யாணம் இருக்காது. லின்சி அப்பாவை எப்படிப் பார்ப்பாள் என்பதை நினைக்கவே ஸ்தனிஸ்லாஸுக்குப் பயமாக இருந்தது.

கடைசி முயற்சியாக ஜெஸ்லினின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா... அந்த ஆள் யாரா வேணா இருக்கட்டும். இவ்வளவு நேரம் உன்னைத் தவிக்க விட்டுட்டு வாயை மூடிட்டு உக்கார்ந்திருக்கான். அவனுக்காகவா நீ ஜெயிலுக்குப் போற?"

ஜெஸ்லின் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

"அவர் வரணும்னா அவரா வரணும் சார். நான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர மாட்டேன். அவருக்கும் வீடு, பிள்ளைன்னு இருக்கும்ல?"

ஸ்தனிஸ்லாஸ் பேனாவை வாங்கினார்.

டைப் செய்த தாளைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை இழுத்தார்.

 எழுத்து தெளிவாகத்தான் வந்தது.

'இன்று காலை 11.00 மணி முதல் 11.50 வரை ஜெஸ்லின் என்பவர் முக்கொம்பில் என்னுடன், என் காரில் இருந்தார். படிவத்தில் உள்ள நம்பர் என்னுடையது. ஸ்டேஷன் டைரியில் நான் எழுதியது பொய்.'

கையெழுத்துப் போட்டு விஜயராணியிடம் நீட்டினார். கேமரா பக்கம் முதுகைக் காட்டியபடி நீட்டினார். பழக்கதோஷம்.

விஜயராணி படித்தாள்.

மறுபடியும் படித்தாள்.

அவளுடைய முகத்தில் ரத்தமே இல்லை. ஜெஸ்லின் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு மடியில் விழுந்தது.

"சார்..." விஜயராணி தாளை நான்காக மடித்தாள். "இதை... இதைக் கடைசியா வச்சுக்கலாம் சார். வேற வழி இருக்கான்னு பார்ப்போம்."

"மூணு மணி நேரமா இல்லாத வழி இப்ப எங்க இருந்து வரும்?"

"அந்த ராவ் ஒரு செல்போன் வச்சிருந்தாலாவது, யார் கடைசியா பேசினாங்கன்னு பார்த்திருக்கலாம். மனுஷன் அதுகூட வச்சுக்கல..."

ஜெஸ்லின் சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"யார் சொன்னா?"

"என்னது?"

"செல்போன் வச்சுக்கலைன்னு யார் மேடம் சொன்னா? இருந்துதே! பட்டன் போன். பச்சைக் கலர். காலைல நான்தான் அதுல அலாரத்தை மாத்திக் கொடுத்தேன்!"

"அலாரமா? எதுக்கு அலாரம்?"

"எதுக்குன்னு சொல்ல மாட்டேன். அலாரம் இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

நாலு ஐம்பத்தெட்டு!

செல்போனே இல்லை என்று சொன்னவன் ஒரே ஒருத்தன். அவன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"எடுத்தவன் ஆஃப் பண்ணியிருப்பானே?" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"பட்டன் போன் ஆஃப்ல இருந்தாலும் அலாரம் அடிக்கும் சார்!"

இந்தப் பதிலை ஜெஸ்லின் மட்டும் சொல்லவில்லை.

விஜயராணியும் சேர்ந்து சொன்னாள். இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் அதே வார்த்தைகள்!

அதை யோசிக்க ஸ்தனிஸ்லாஸுக்கு அப்போது நேரமில்லை. வாசலுக்கு ஓடினார்.

*

"சார், பேப்பர் ரெடியா?" துக்காராம் எழுந்தான்.

"ரெண்டு நிமிஷம். உக்காருங்க தம்பி."

"லேட் ஆகுது சார். ஆஸ்பத்திரிக்குப் போகணும்..."

"எங்க இருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீங்கன்னு சொன்னீங்க?"

"தொட்டியத்துல இருந்து சார். பதினொண்ணரைக்கு."

"அதுக்கு முன்னாடி சித்தப்பாகிட்ட போன்ல பேசினீங்களா?"

"இல்லையே சார்... மண்டியில வேலை..."

அப்போது முற்றத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

வேப்பமரத்தடியில் காகம் ஒன்று பதறிப் பறந்தது. சத்தம் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்து வந்தது!

"உங்க வண்டி கூப்பிடுது தம்பி" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

துக்காராம் ஓடவில்லை. அப்படியே பெஞ்சில் சரிந்தான். விஜயராணி அவன் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து சீட்டைத் தூக்கினாள். பழைய துணிக்குள் சுற்றிய பச்சைப் பட்டன் போன், கடமை தவறாமல் அலறிக்கொண்டிருந்தது.

அதை உயிர்ப்பித்துப் பார்த்தார்கள். கடைசி அழைப்பு துக்காராமுடையது. காலை 10.50!

"ஆஃப் பண்ணித்தானே வச்சேன்..." என்று அவன் முனகினான். அதுவே வாக்குமூலம் ஆயிற்று.

மீதியை அவனே கொட்டினான்.

"அறுபத்தொரு வயசுல கல்யாணம் பண்ணிக்கப் போறாராம் சார்! அடுத்த மாசம் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல! அந்த வீடு எனக்குத்தான்னு இருபது வருஷமா நினைச்சிட்டிருந்தேன். கேட்டா, 'எனக்கும் ஒரு துணை வேணும்டா'ங்கிறாரு. சட்டையைத் தேய்ச்சுக்கிட்டே சிரிக்கிறாரு சார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பெட்டியைப் பிடுங்கிட்டேன்..."

"போனை ஏன் காவிரியில போடல?"

"போடத்தான் போனேன். இன்னிக்கு அமாவாசை! படித்துறை பூரா ஜனம். திரும்பின பக்கமெல்லாம் போலீஸ் பந்தோபஸ்து வேற..."

ஸ்தனிஸ்லாஸ் இருமினார்.

டி.எஸ்.பி.க்குப் போன் போட்டு, பிரஸ்ஸுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டான் என்று சொன்னார்.

*

கேமரா இல்லாத ரெக்கார்டு அறையில் மூன்று பேர்.

ஸ்தனிஸ்லாஸ் கையை நீட்டினார். "விஜயராணி... அந்தப் பேப்பர்."

"எந்தப் பேப்பர் சார்?"

அவள் கையில் இருந்தது சுக்குநூறாகக் கிழிந்த வெள்ளைத்தாள். அதை டீ கிளாஸுக்குள் போட்டு, மிச்சமிருந்த டீயில் விரலால் அமுக்கிக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"கிழிச்சுட்டீங்க. சரி. ஆனா படிச்சுட்டீங்களே" என்றார். தோள் இரண்டும் தொங்கிவிட்டிருந்தன. "எனக்கு ஒரு சந்தேகம். பட்டன் போன் ஆஃப்ல இருந்தாலும் அடிக்கும்னு இவங்களுக்குத் தெரியும். இவங்க தொழில் அது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

விஜயராணி கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஆறு வருஷமா எனக்கும் அப்படித்தான் அடிக்குது சார். ராத்திரி எட்டு மணி மாத்திரைக்கு."

ஸ்தனிஸ்லாஸ் திரும்பி ஜெஸ்லினைப் பார்த்தார்.

ஜெஸ்லின் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோயாளிகள் இரண்டு பேர் பேசும்போது அவள் அங்கே இல்லை. அதுதான் அவளுடைய சட்டம்.

"நாற்பது பேர்னு இவங்க சொன்னாங்களே சார்... அதுல நானும் ஒருத்தி. பையைத் துழாவினது என் ஃபாரம் உள்ள இருக்கான்னு பார்க்கத்தான்."

"அப்புறம் ஏன் இந்தப் பொண்ணை இப்படி வாட்டி எடுத்தீங்க? மூணு மணி நேரம்!"

"பயம் சார்." விஜயராணியின் கண் நிறைந்துவிட்டது. "போலீஸ் மிரட்டினா இவங்க ஒரு பேரைச் சொல்லுவாங்களா, மாட்டாங்களான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இன்னிக்கு அந்த 11.10 ஆளைச் சொன்னா, நாளைக்கு என்னைச் சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்ச எல்லா வித்தையையும் காட்டினேன். அசையல சார். ஆறு வருஷத்துல இன்னிக்குத்தான் நான் நிம்மதியா தூங்கப் போறேன்."

அவள் ஜெஸ்லினின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா... மன்னிச்சிடுங்க."

அவள் முதலில் அழைத்த பிறகுதான் ஜெஸ்லின் திரும்பினாள். முதலில் விஜயராணியைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்து. நாள் முழுவதும் அடக்கி வைத்த சிரிப்பு, அழுகையோடு கலந்து வந்தது.

"ஏம்மா" என்றார் ஸ்தனிஸ்லாஸ், மீசைக்குக் கீழே உதடு துடிக்க. "உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. வீட்டுல கொண்டுபோய் விடச் சொல்றேன். நீ கிளம்பு."

"எங்க சார் கிளம்புறது? ரெண்டு பேரும் மூணு மாச மருந்துக்குக் கேட்டிருக்கீங்க. தகுதி இருக்கா இல்லையான்னு எழுதாம நான் எப்படிப் போவேன்?"

பையைத் திறந்து, படிவத்தை எடுத்து, தொடையில் வைத்துப் பேனாவைத் திறந்தாள் ஜெஸ்லின்.

"உக்காருங்க. இவ்வளவு நேரம் நீங்க விசாரிச்சீங்க, இப்ப என் முறை. இருமல், காய்ச்சல், எடை குறைச்சல், ராத்திரியில வேர்வை... உண்மையைச் சொல்லிடணும் மேடம். பொய் சொன்னா நான் மேஜையெல்லாம் தட்ட மாட்டேன்... மாத்திரையை எண்ணிடுவேன்!"